ஒழுகல் என்பது ஒரு கோணம்

கூரை ஒழுகுவது ஒரு சம்பவம் அல்ல, ஒரு கருத்து என்று மனித குலத்துக்கு முதலில் எடுத்துச் சொன்ன பெருமை, செர்பியாவின் லெஸ்கோவாட்ஸ் நகரத்தில் உள்ள ஓர் ஐந்து மாடிக் குடியிருப்பையே சேரும். அந்தப் பெருமை பிறக்கவிருந்த நேரத்தில், ஐந்தாம் மாடித் தெசங்கா படுக்கையில் கிடந்த கணவனின் தலைக்கு மேல் குடையை விரித்து, காம்பைக் கட்டில் கம்பியோடு அவசரமாகக் கட்டிக்கொண்டிருந்தாள்.

திஹோமிருக்கு முதுகு பிடித்திருந்தது. அசையவே கூடாது என்பது டாக்டர் உத்தரவு. கூரைக்கு அந்த உத்தரவு போய்ச் சேரவில்லை. அவர் முகத்துக்கு நேர் மேலே காரை நனைந்து, நிறைமாத வயிறுபோல் தொங்கியது.

"விழுந்தா குடை தாங்குமா?" என்றார்.

"பேசாம படுங்க. கீழ போய் ஒரு வழி பண்ணிட்டு வரேன்."

கீழே முற்றத்தில், தகரக் கொட்டகையின் அடியில், குடியிருப்போர் சங்கம் கூடியிருந்தது. செப்டம்பரில் வேறு எங்கே கூடும்? எல்லா வீட்டுக்கும் சேர்த்து ஒரே விறகடுப்பு. முறை வைத்துச் சிவப்பு மிளகாயைச் சுட்டு, தோலுரித்து, கை ஓயக் கிளறிக் குளிர்காலத்துக்கு அய்வார் என்னும் தொக்கு போட்டு வைக்காதவர்களை அந்த ஊரில் மனிதராகவே மதிப்பதில்லை. மழை என்று மிளகாய் காத்திருக்குமா?

தலைவர் வெலிபோர் ஓய்வுபெற்ற உதவி இயக்குநர். எதன் இயக்குநர் என்று யாரும் கேட்டதில்லை. மலையோர விடுதியில் நடந்த 'பன்முகப் பார்வை மேலாண்மை'ப் பயிற்சிக்குப் போய்க் கழுத்தில் அட்டையோடு திரும்பியவர். அட்டையை இன்னும் கழற்றவில்லை.

தெசங்கா விஷயத்தைச் சொன்னாள். தலைவர் பரிவோடு கேட்டார். பயிற்சியில் பரிவும் ஒரு பாடம்.

"ஒழுகுதுன்னு நீ சொல்றே தெசங்கா. அது மேல்மாடிக் கோணம். தரைத்தளத்தையும் கேக்கணும் இல்லையா? ஸ்தோய்னா, உங்க வீட்ல ஒழுகுதா?"

தரைத்தள ஸ்தோய்னா மிளகாயைத் திருப்பிப் போட்டபடி, "சொட்டுகூட இல்ல," என்றாள்.

"பாத்தியா? ஒரே கட்டடம், ரெண்டு உண்மை."

மூன்றாம் மாடி மிலாதின், இந்த மழையில்தான் மலைச்சரிவில் காளான் முளைக்கிறது, காளானின் பார்வையில் இதுவே போதாது என்று பதிவு செய்தார். இன்னொருவர் திராட்சையின் தரப்பை எடுத்துரைத்தார். இது இலையுதிர்காலத்தின் தொடக்கமா, கோடையின் மிச்சமா என்பதிலும் கருத்து வேறுபாடு எழுந்து, இரு சாராரும் பாராட்டப்பட்டனர்.

"காரை என் புருஷன் மேல விழப்போகுது, தலைவரே."

"விழப்போகுதுங்கிறது எதிர்காலம். நாம நிகழ்காலத்துல வாழப் பழகணும்."

'ஒழுகல் என்பது பார்ப்பவர் நிற்கும் தளத்தைப் பொறுத்தது' என்ற தீர்மானத்துக்கு ஒரு கை தவிர எல்லாக் கைகளும் உயர்ந்தன. தெசங்காவின் மறுப்பு 'மரியாதையுடன்' குறித்துக்கொள்ளப்பட்டது.

அவள் படியேறினாள். தன் வீட்டு வாசலில் நிற்காமல் பரணுக்குப் போகும் இரும்பு ஏணியிலும் ஏறினாள். அதுவரை யாரும் மேலே போய்ப் பார்க்கவில்லை. கருத்துகள் இவ்வளவு இருக்கும்போது பார்க்க அவசியம் ஏற்படவில்லை.

பரணில் வானம் தெரிந்தது.

ஓட்டை அல்ல, வானம். அவள் படுக்கையறைக்கு மேலே வெறும் மரச்சட்டங்கள்தான் நின்றன. தகரங்களே இல்லை. ஆணிகளை யாரோ பொறுமையாகப் பிடுங்கியிருந்தார்கள். தலையை வெளியே நீட்டிக் குனிந்து பார்த்தாள். அடியில் நின்றால் புகையேறிக் கறுத்துத் தெரியும் கொட்டகை, மேலிருந்து பார்க்கப் பச்சையாக இருந்தது. கட்டடக் கூரைக்கு அடித்த அதே பச்சை.

"தலைவரே," என்று மழையில் நனைந்தபடி கூப்பிட்டாள். "அது என் கூரை."

தலைவர் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. குரல் மட்டும் வந்தது.

"திஹோமிர் முதுகுக்கு வெந்நீர்க் குளியல்னு நீங்க வெளியூர் போயிருந்தப்ப எடுத்தது, தெசங்கா. அப்ப மழையே இல்லையே. அன்னிக்குக் கோணத்துல அது சும்மா கிடந்த தகரம்."

தீர்மானத்துக்கு மற்ற எல்லாக் கைகளும் உயர்ந்ததில் வியப்பே இல்லை. அவ்வளவு பெரிய தகரங்களை ஐந்து மாடி இறக்க ஓர் ஆள் போதாது. எல்லாருமே ஆளுக்கொரு மூலை பிடித்திருந்தார்கள்.