நாலாம் கட்டத்தில் தேறிய ஒயின்

வெள்ளை ஒயின் என்பது குளிர்ந்திருக்க வேண்டும், தெளிந்திருக்க வேண்டும், குடித்த பிறகு வாயில் எதையும் விட்டுவைக்காமல் மரியாதையாகப் போய்விட வேண்டும். இது தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஸ்வார்ட்லாந்து வட்டார வெள்ளை ஒயின் வாரியத்தின் தீர்மானம். வாரியத்தின் முத்திரை இல்லாத புட்டியில் திராட்சையின் பெயரையோ ஊரின் பெயரையோ அறுவடை ஆண்டையோ போடக் கூடாது. வெறுமனே 'வெள்ளை ஒயின்' என்று போட்டுக்கொள்ளலாம். அப்படிப்பட்ட புட்டி, கல்யாணத்துக்கு யார் அழைத்தார்கள் என்று தெரியாத விருந்தாளி மாதிரி கடையின் அடித்தட்டில் ஒதுங்கிக் கிடக்கும்.

ஹெஸ்டர் லோப்சர் செய்த ஒயின் வாயை விட்டுப் போகாமல் தங்கியது. அதுதான் அவள் செய்த குற்றம்.

பெர்டபெர்க் மலையடியில் அவளுக்கும் அவள் அண்ணன் ஃப்ளோரிஸுக்கும் பொதுவில் ஒரு பண்ணை. சமவெளி முழுக்க ஃப்ளோரிஸின் கோதுமை. சரிவில் ஒரு துண்டில் மட்டும் ஸ்டீன் என்கிற வெள்ளைத் திராட்சை. பந்தல் இல்லை, கம்பி இல்லை, தண்ணீர் பாய்ச்சுவதும் இல்லை. அவர்கள் தாத்தா காலத்துக் கிழட்டுக் கொடிகள் தரையில் குந்திக்கொண்டு, மனசு வந்தால் ஆளுக்கு நாலு கொத்து காய்க்கும். அந்தச் சாற்றை ஹெஸ்டர் பழைய பீப்பாயில் வண்டலோடு கிடக்கவிட்டு, வடிகட்டாமல் புட்டியில் அடைப்பாள். முதல் வருஷம் அது யாருக்கும் முகம் கொடுக்காது. சில வருஷம் பொறுத்துத் திறந்தால் தேன்மெழுகு மணக்கும், உலர்ந்த பீச் பழம் மணக்கும், கடைசியில் கல்லுப்பை நக்கியது போல் ஒரு கரிப்பு வரும். கஞ்சித் தெளிவு மாதிரி நாக்கில் படிந்து, பேச்சு வேறு விஷயத்துக்குப் போன பிறகும் அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

வாரியம் அதை இரண்டு தடவை திருப்பி அனுப்பியது. 'மேற்படி ஒயினில் நிறம் காணப்படுகிறது, கலங்கல் காணப்படுகிறது, சுவை காணப்படவில்லை' என்பது வாரியத்தின் மேலான கருத்து.

சுவை ஏன் காணப்படவில்லை என்பது ஹெஸ்டருக்குத் தெரியும். வாரியத்தின் ஃப்ரிட்ஜ் அப்படிப்பட்டது. கோப்பையின் மேல் பனி படியாத வெள்ளை ஒயின் வாரியத்தின் சுவைப்பு அவையில் ஏற்கப்படாது என்று விதி. அந்தக் குளிரில் நாக்கே மரத்துப்போகும், பிறகு அது எதைக் கண்டுபிடிக்கும்?

"ஐயா, எடுத்துக் கொஞ்ச நேரம் மேஜை மேல வெச்சிட்டு அப்புறம் குடிச்சுப் பாருங்களேன்" என்று அவள் வாரியத் தலைவர் ஒக்கர்ட் ட்ரூட்டரிடம் கேட்டாள்.

"அம்மா, நீங்க சொல்றது ஃப்ரிட்ஜ் மேல நம்பிக்கையில்லாத் தீர்மானம்" என்றார் ட்ரூட்டர். "அதைப் பொதுப்பணத்துல வாங்கியிருக்கோம்."

வீட்டிலும் இதே கதை. எங்கள் பக்கத்தில் வெளியே நெருப்பு மூட்டி இறைச்சி சுடும்போது வெள்ளை ஒயினில் ஐஸ் கட்டியை அள்ளிப் போடுவது வழக்கம். ஃப்ளோரிஸ் ஐஸில்தான் ஒயின் ஊற்றுவான்.

"ஒண்ணும் தெரியலையே தங்கச்சி. தண்ணி மாதிரி இருக்கு" என்றான்.

"ஐஸ் போடாதேன்னுதானே அண்ணே தலைப்பாடா அடிச்சுக்கிறேன்."

"ஐஸ் போடாம வெள்ளை ஒயின் குடிக்க எனக்கென்ன பைத்தியமா?" அவன் இடுக்கியால் ஆட்டிறைச்சியைப் புரட்டினான். "கேட்டுக்கோ. இன்னொரு தடவை அனுப்பு. முத்திரை வந்தா சரி. வரலேன்னா அறுவடை முடிஞ்சதும் பொக்லைன் வரும். கொடியைப் பிடுங்கிட்டு அங்கயும் கோதுமை போட்டுடறேன்."

அந்தக் கொடிகளை ஹெஸ்டர் மனிதர்களை விட அதிகமாக நேசித்தாள். மனிதர்களில் ஃப்ளோரிஸும் அடக்கம்.

மூன்றாம் தடவை மனுப் போட்டவர்கள் அவையின் பின்பெஞ்சில் உட்கார்ந்து தங்கள் அவமானத்தை நேரில் பார்க்கலாம் என்று ஒரு சலுகை உண்டு. ஹெஸ்டர் போய் உட்கார்ந்தாள். அன்று ஊரில் நாலாம் கட்ட மின்வெட்டு. எங்கள் நாட்டில் மின்வெட்டுக்குக் கட்டங்கள் உண்டு. ஒன்றாம் கட்டம் என்றால் முணுமுணுப்போம், நாலாம் கட்டம் என்றால் வாய்விட்டுத் திட்டுவோம். காலையிலிருந்தே கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜ் செத்த மாடு மாதிரி நின்றது. புட்டிகள் அறையின் சூட்டுக்கு வந்துவிட்டன.

ட்ரூட்டர் ஒரு வாய் குடித்தார். கோப்பையைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். உறுப்பினர்களும் குடித்துவிட்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"தங்குது" என்றார் ட்ரூட்டர். "நோலுந்தி, எழுதிக்கோம்மா. வாயில் தங்குகிறது. பாராட்டத்தக்க விதத்தில் தங்குகிறது."

செயலாளர் நோலுந்தி எழுதினாள். "காரணம்னு ஒரு இடம் இருக்கே சார், அதுல என்ன போட?"

"அதே ஒயின், அதே கோப்பை, அதே நாக்கு. எது மாறியிருக்கு?" ட்ரூட்டர் இருட்டான அறையைச் சுற்றிப் பார்த்தார். "நாலாம் கட்டம்."

ஹெஸ்டர் எழுந்தாள். "ஐயா, குளிர் விட்டுடுச்சு, அவ்வளவுதான். ஃப்ரிட்ஜ்..."

"ஃப்ரிட்ஜ் மேல இங்க யாரும் புகார் சொல்லலையே."

பக்கத்தில் இருந்த ஷார்லீன் ஜூலீஸ் அவள் பாவாடையைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தாள். ஷார்லீன் அடுத்த பண்ணைக்காரி. அவளும் மூன்றாம் தடவை மனுப் போட்டவள்தான். "அடியே, முத்திரை குத்த கையைத் தூக்கிட்டாங்க. காரணம் தப்பா இருந்தா உனக்கென்ன? வாயை மூடு."

ஹெஸ்டர் வாயை மூடினாள். 'நாலாம் கட்டத்தில் தேறியது' என்று முத்திரை விழுந்தது. கொடிகள் பிழைத்தன. ஃப்ளோரிஸ் முத்திரையை இரண்டு தடவை படித்துவிட்டு, பொக்லைன்காரனுக்குப் போன் போட்டு வேண்டாம் என்று சொன்னான்.

அடுத்த மாதமே, கிழட்டுக் கொடி ஒயின்கள் இனிமேல் நாலாம் கட்டத்தில் மட்டுமே பரிசோதிக்கப்படும் என்று வாரியம் விதி செய்தது. விதி வந்தால் நாகரிகம் வராமலா இருக்கும்? கேப் டவுனில் பெரிய ஹோட்டல்கள் விளக்கை அணைத்து விருந்து வைத்தன. ஜெனரேட்டர் வைத்திருந்தவர்கள் அதைப் போர்வை போட்டு மூடி, தாங்களும் இருட்டில்தான் இருப்பதாகச் சொல்லிக்கொண்டார்கள். இருட்டு தேன்மெழுகு வாசனையைத் தூண்டுவது எப்படி என்று ஒரு பத்திரிகை விளக்கியது. போன வருஷம் வரை மின்சாரக் கம்பெனியின் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டியவர்கள், ஐந்தாம் கட்டத்தில் இதே ஒயின் எப்படி இருக்கும் என்று ஏக்கத்தோடு பேசினார்கள்.

ஹெஸ்டரைப் பேச அழைத்தார்கள். முதல் கூட்டத்தில் அவள் பழைய கொடியைப் பற்றியும் ஆழமாகப் போன வேரைப் பற்றியும் பேசினாள். ஜனங்கள் கொட்டாவி விட்டார்கள். இரண்டாவது கூட்டத்தில், "இருட்டுக்கும் ஒரு பிடிப்பு உண்டு" என்று ஒரு வார்த்தை விட்டாள். எழுந்து நின்று கை தட்டினார்கள். அதற்குப் பிறகு அவள் வேரைப் பற்றிப் பேசவே இல்லை.

இப்படி ஊர் சுபிட்சமாக இருந்த காலத்தில்தான் அந்தப் பேரிடி விழுந்தது. கரண்ட் நிற்காமல் வர ஆரம்பித்தது.

நாடே கொண்டாடியது. எங்கள் மலையடியில் மட்டும் இழவு வீடு. புதிதாக அனுப்பிய ஒயின் வாரியத்தின் வாசலில் பெட்டி பெட்டியாகக் காத்திருந்தது. நாலாம் கட்டம் இல்லாததால் சுவைப்பு அவை கூடவில்லை.

"உங்க ஆபீஸ் மெயின் சுவிட்சை அணைச்சா என்ன ஐயா?" என்று ஹெஸ்டர் கேட்டாள்.

"அது நாலாம் கட்டம் இல்லம்மா. அது சுவிட்ச்" என்றார் ட்ரூட்டர்.

வீட்டில் ஃப்ளோரிஸ் மறுபடியும் பொக்லைன்காரனோடு பேசிக்கொண்டிருந்தான். "உன் ஒயினுக்குக் காலம் முடிஞ்சுபோச்சு தங்கச்சி. இனிமே கரண்ட் போகாதாம்."

வேறு வழியில்லாமல் ஹெஸ்டரும் ஷார்லீனும் வட்டாரத்து ஒயின்காரர்கள் அத்தனை பேரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டு மின்சாரக் கம்பெனிக்குப் போனார்கள். அங்கிருந்த அதிகாரி மனுவைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இத்தனை வருஷமா இந்தக் கதவைத் திறந்துட்டு வந்தவங்க எல்லாரும் கரண்ட் கேட்டுத்தான் வந்தாங்க" என்றார். "எங்க பழைய சேவையை மதிச்சுக் கேட்டு வந்தவங்க நீங்கதான்."

"அப்ப வெட்டுவீங்களா சார்?" என்றாள் ஷார்லீன்.

"அங்கதான் சிக்கல். முன்னெல்லாம் பற்றாக்குறை இருந்துச்சு, தானா வெட்டுச்சு. இப்ப பற்றாக்குறைக்கே பற்றாக்குறை. மேலிடத்துல கேட்டுத்தான் வெட்டணும்."

மேலிடம் பரந்த மனதோடு சம்மதித்தது. ஒரு செவ்வாய்க்கிழமை, பாரம்பரியத்தைப் பாதுகாக்கும் நோக்கத்துடன், வட்டாரம் முழுவதும் நாலாம் கட்டம் அறிவிக்கப்பட்டது. பல் வைத்தியர் பாதிப் பல்லோடு நிறுத்தினார். பேக்கரியில் மாவு புளித்து வழிந்தது. ஃப்ளோரிஸின் தண்ணீர் மோட்டார் நின்றது. ஊரே ஒயின்காரர்களை வாயாரத் திட்டியது. ஹெஸ்டர் அதையெல்லாம் பொருட்படுத்தாமல், கொடிகள் பிழைத்தன என்ற நிம்மதியோடு வாரியத்துக்குப் போனாள்.

வாசலில் கால் வைத்ததுமே கண்ணைச் சுருக்கிக்கொண்டாள். உள்ளே விளக்கு எரிந்தது.

"பாத்தீங்களா?" என்றார் ட்ரூட்டர் பெருமையாக. "உங்க மாதிரி ஆளுங்க கட்டின முத்திரைக் கட்டணத்துலதான் கூரை மேல சோலார் போட்டோம், பேட்டரி வெச்சோம். இனிமே நம்ம ஃப்ரிட்ஜ் ஒரு நிமிஷம்கூட நிக்காது."

கோப்பைகளில் பனி படிந்திருந்தது. ட்ரூட்டர் குடித்தார். உறுப்பினர்கள் குடித்தார்கள்.

"சுவை காணப்படவில்லை" என்றார்.

"ஐயா, இங்கதான் கரண்ட் இருக்கே! இது எப்படி நாலாம் கட்டம் ஆகும்?"

"வட்டாரத்துல நாலாம் கட்டம் அமல்ல இருக்கு. விதி கேட்கிறது அவ்வளவுதான். எல்லா வசதியும் செஞ்சு கொடுத்தும் உங்க ஒயின் முயற்சி பண்ணலேன்னா நாங்க என்ன செய்ய முடியும்?"

ஹெஸ்டர் திறந்த புட்டியை மடியில் வைத்துக்கொண்டு வண்டி ஓட்டி வீடு வந்தாள். வழியில் அழுதாள். சரிவில் கொடிகளைப் பார்த்ததும் இன்னும் அழுதாள்.

வீட்டில் கரண்ட் வரவில்லை. வெட்டுவதற்கு அனுமதி கொடுத்தவர், திரும்பக் கொடுப்பதற்கு அனுமதி கொடுக்காமல் லீவில் போய்விட்டதாகக் கேள்வி. ஃப்ளோரிஸ் நெருப்புப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். ஐஸ் எல்லாம் உருகிவிட்டிருந்தது. வேறு எதுவும் இல்லாததால், அவள் மடியிலேயே குளிர் விட்டிருந்த புட்டியிலிருந்து வெறும் ஒயினை ஊற்றிக் குடித்தான். இறைச்சியைப் புரட்ட இடுக்கியை நீட்டியவன் அப்படியே நின்றான்.

"இது என்ன?"

"நம்ம ஸ்டீன்தான்."

"பொய் சொல்லாதே." இன்னொரு வாய் குடித்தான். இறைச்சி கருகியது. அவன் கவனிக்கவில்லை. "இவ்வளவு வருஷமா இதையா நான் குடிச்சுட்டிருந்தேன்?" எழுந்து இருட்டில் சரிவைப் பார்த்து நின்றான். பிறகு "பொக்லைன் வேண்டாம்" என்றான்.

ஹெஸ்டருக்கு நெஞ்சு நிறைந்தது. ஓடிப்போய் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வாரியக்காரங்க மேதைங்கதான்" என்றான் ஃப்ளோரிஸ். "அன்னிக்கே முத்திரைல எழுதினாங்க, நான்தான் நம்பலை. எல்லாம் நாலாம் கட்டம்தான். என்ன, கரண்ட் வந்தா போயிடும். இல்ல?"

ஐஸ்தான் காரணம் என்று சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். சரிவைப் பார்த்தாள்.

"ஆமாண்ணே" என்றாள்.

இரண்டாம் நாள் கரண்ட் வந்தது. விளக்கு எரிந்ததும் ஃப்ளோரிஸ் கவலையோடு சரிவுப் பக்கம் திரும்பினான். ஹெஸ்டர் எழுந்து போய் மெயின் சுவிட்சை அணைத்தாள். அன்றிலிருந்து லோப்சர் பண்ணையில் விளக்கு எரியவில்லை. கொடிகள் நன்றாக இருக்கின்றன. முத்திரை இல்லாத அந்த ஒயினைத் தேடி, கேப் டவுன்காரர்கள் டார்ச் லைட்டோடு வந்து வாங்கிப் போகிறார்கள்.

போன வாரம் ஷார்லீன் தன் புது ஒயினை ஒரு கோப்பையில் ஊற்றி மூடி எடுத்துக்கொண்டு வந்தாள். பட்டப்பகல். முற்றத்து வெயிலில் கண் கூசியது. ஹெஸ்டர் கோப்பையை வாங்கி முகர்ந்தாள், ஒரு வாய் குடித்தாள், நாக்கில் உருட்டினாள். ஒரு முடிவுக்கும் வர முடியவில்லை.

"உன் வீட்ல மெயினை அணைச்சிட்டுத்தானே ஊத்தினே?" என்று கேட்டாள்.

ஷார்லீன் விழுந்து விழுந்து சிரித்தாள். ஹெஸ்டர் சிரிக்கவில்லை. கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்காகக் காத்திருந்தாள்.