பின்பக்கம் பார்ப்பவர்கள்

மாலை நாலரை மணிக்கு ரோசலின் அக்கா இறந்துபோன செய்தி வந்தபோது, நான் பூத்தையல் போட்ட ஒரு தலையணை உறையைத் திருப்பிப் போட்டு அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசகரே, பின்பக்கம் பார்ப்பவர்கள் என்று ஓர் இனம் உண்டு. திண்டுக்கல்லில் அதற்குத் தலைவி ரோசலின் அக்காதான்.

இந்த இனத்தார் பெரிய வேலை எதற்கும் ஆசைப்பட மாட்டார்கள். முந்நூறு வருடத்துக்கு முந்தைய சீமாட்டி ஒருத்தியின் தொப்பியைக் கைப்பேசியில் பார்ப்பார்கள், அதிலிருந்து கட்டைவிரல் நகமளவு ஒரு பூவைப் பிடிப்பார்கள், வளையத்தில் துணியை மேளத்தோல் மாதிரி இழுத்து மாட்டுவார்கள், நாலு தையல் போடுவார்கள், உடனே திருப்பிப் பார்ப்பார்கள். பின்னால் ஒரு முடிச்சு தெரிகிறதா? போச்சு! அவ்வளவையும் பிரித்தாக வேண்டும். கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் முகத்தையா பார்ப்பார்கள்? ரவிக்கைக் கையை மடித்துப் பார்ப்பார்கள்.

பேகம்பூரில் நூல்கடை வைத்திருக்கும் ஜெய்தூன் பீவியின் மகள் ஷமாவுக்கு இந்த வெள்ளிக்கிழமை நிக்காஹ். அவளுக்கு ஒரு சுருக்குப்பை தைத்துத் தருவதாக அக்கா வாக்குக் கொடுத்திருந்தார். ஒரு பூ, இரண்டு இலை. ஆறு மாதமாக.

“ஏக்கா, பின்னாடியை எவ பாக்கப் போறா? ஷமா பேத்தி நிக்காஹுக்குத்தான் குடுப்பீகளா?” என்பார் பீவி.

“அந்தக் காலத்துக்காரிக முடிச்சே போட மாட்டாளுக ஜெய்தூன். செத்த நேரம் பொறு, இலைதான் பாக்கி.”

மறுநாள், அக்காவின் சவப்பெட்டியின் மேல் சரிகைச் சிலுவை தைத்த வெல்வெட் துணியைப் போர்த்தியிருந்தார்கள். ஜெபம் நடந்துகொண்டிருக்க, என் பக்கத்தில் அழுதுகொண்டிருந்த பீவி மெல்லக் கையை நீட்டித் துணியின் ஓரத்தைப் புரட்டினார்.

“யா அல்லா! அம்புட்டும் முடிச்சு. அக்கா பாத்தா எந்திரிச்சு உக்காந்துருமே!”

நான் சிரித்துவிட்டேன். பாதிரியார் பார்த்தார். பீவியும் முக்காட்டுக்குள் குலுங்கினார். அழுகிறார் என்றே எல்லாரும் நினைத்தார்கள். பாதி உண்மைதான்.

அடக்கம் முடிந்து அக்கா வீட்டுக்கு வந்ததும், பீவி தையல் பெட்டியிலிருந்து அந்தச் சுருக்குப்பையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“நீ தச்சுக் குடு தாயி. பின்னாடி எப்படி இருந்தாலும் சரி.” வாசல்வரை போனவர் திரும்பிப் பார்த்தார். “முடிச்சு மட்டும் போட்டுறாத.”

சிரிக்காதீர்கள், வாசகரே. இதைப் படிக்கும்போதே உங்கள் கை சேலைத் தலைப்பின் ஓரத்தைப் புரட்டவில்லையா? சட்டை போட்டவர்களே, பொத்தானுக்குப் பின்னால் தடவிப் பார்க்கவில்லையா? நல்லது, வாருங்கள். நம் இனத்தில் இப்போது ஓர் இடம் காலியாக இருக்கிறது.

நாளை வெள்ளிக்கிழமை. அக்கா தைத்த பூவும் முதல் இலையும் பின்பக்கத்திலும் அப்படியே மலர்ந்திருக்கின்றன. இரண்டாவது இலையை நான் தைத்துத் தைத்துப் பிரித்ததில், இன்னும் காம்பு மட்டும்தான் இருக்கிறது.