அந்தோனியாரின் கேசிங்

டிலோஜன் தூக்கியபோது கொம்பியூட்டரின் மேல்பாதி மட்டும் கையோடு வந்தது. கீழ்ப்பாதி மேசையிலேயே இருந்தது.

தாழ்வுபாட்டுக் கடற்கரையின் உப்புக்காற்றுக்குத் தகரம் என்றால் நல்ல பசி. சைக்கிளைத் தின்னும், கூரையைத் தின்னும். இப்போது கொம்பியூட்டரின் கேசிங்கையும் தின்று முடித்திருந்தது. உள்ளே இருந்ததெல்லாம் உயிரோடுதான் இருந்தது. அதைச் சுற்றி நிற்கத்தான் ஒன்றும் இல்லை.

புதுக் கேசிங் கொழும்பிலிருந்து வர ஒரு கிழமைக்கு மேலாகும் என்று மன்னார் ரவுண் கடைக்காரர் சொன்னார். திங்கட்கிழமை அவனுக்கு நேர்முகப் பரீட்சை. கொழும்புக் கம்பனி ஒன்றில், வீட்டிலிருந்தபடியே மற்றவர்களின் கொம்பியூட்டர்களைத் திருத்துகிற வேலை. அது கிடைக்காவிட்டால் செவ்வாய்க்கிழமை விடியத் தன்னுடைய வள்ளத்தில் ஏறவேண்டும் என்று தாய்மாமன் யாகப்பர் அறுதியாகச் சொல்லிவிட்டார்.

வள்ளத்தில் அவன் ஒருமுறை ஏறியவன்தான். கரை மறைவதற்குள் குடலைத் தவிர மற்றதெல்லாம் வெளியே வந்துவிட்டது. பிறகு, வள்ளத்துக்குள் தண்ணீர் நிற்கிறதே, வெளியே போகட்டும் என்று நினைத்து, அடியிலிருந்த தக்கையைப் பிடுங்கினான். ஓட்டைக்குள் சட்டைகளைத் திணித்துக்கொண்டுதான் அன்று எல்லோரும் கரை சேர்ந்தார்கள். யாரும் அவனை ஏசவில்லை. ஏசாததுதான் அவனுக்குப் பயமாக இருந்தது.

தகரம் சரிவராது, மரத்தில் செய்வோம் என்று முடிவெடுத்தான்.

"அம்மா, அந்த அலுமாரிக் கதவு ஒண்டு தாங்கோ."

மீன் வெட்டிக்கொண்டிருந்த மார்த்தா நிமிர்ந்தாள். அது அவளுடைய சீதன அலுமாரி. அசல் தேக்கு. அதில் சாய்ந்து நிற்கக்கூட ஒருவருக்கும் அனுமதி இல்லை.

"என்னத்துக்கு?"

"கேசிங் அடிக்க."

"அதென்ன கேசிங்?"

"கூடம்மா. மரக்கூடு."

மார்த்தா கத்தியைக் கீழே வைத்தாள். கையைக் கழுவினாள். சிலுவை அடையாளம் போட்டாள்.

"ரெண்டு கதவையும் எடு," என்றாள்.

டிலோஜன் திகைத்துப்போனான். கொம்பியூட்டர் முன்னால் அவன் இருப்பதைக் கண்டாலே அடிக்கத் தும்புத்தடியைத் தேடுகிற அம்மா இவள்தானா என்று ஒருமுறை உற்றுப் பார்த்தான். அவள் மனம் மாறுவதற்குள் கதவுகளைக் கழற்றிக்கொண்டு முற்றத்துக்குப் போனான்.

வாள் சத்தம் கேட்டு அடுத்த வீட்டுப் பிரான்சிஸ்கா வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். அவளுடைய புருஷன் றொசாந்தன் யாகப்பரின் வள்ளத்தில் தொழில் செய்பவன்.

"கூடோ தம்பி செய்யிறாய்?"

"ஓமக்கா."

"கண்ணாடி வைப்பியோ?"

"ஒரு பக்கம் வைப்பன். உள்ளுக்கு லைற் எரியிறது தெரியோணும்."

"என்ன கலர்?"

"நீலம்."

பிரான்சிஸ்கா நெஞ்சில் கை வைத்தாள். "கண்ணாடி அடைச்சா அவருக்கு வெக்கையா இருக்காதோ?"

"அதுக்குத்தான் ஃபான் பூட்டுறன். முன்னுக்கு ரெண்டு, பின்னுக்கு ஒண்டு."

"இவ்வளவு காலமும் அவர் வெக்கைக்குள்ளதான் நிண்டவர்," என்றாள் பிரான்சிஸ்கா. குரல் இறங்கிவிட்டது. "ஒருத்தருக்கும் இது தோணேல்லைப் பாரன்."

கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். டிலோஜன் வாளை மரத்துக்குள்ளேயே விட்டுவிட்டு நின்றான். இத்தனை வருடம் கூடவே இருந்தும் அவன் தன் கொம்பியூட்டரை ஒருநாளும் 'அவர்' என்று சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது.

பின்னேரம் றொசாந்தன் வந்து கதவுக்குப் பூட்டுகிற பித்தளைப் பிணைச்சல்கள் இரண்டை வைத்துவிட்டுப் போனான். வேறொரு வீட்டிலிருந்து வார்னிஷ் வந்தது. யாரோ சிவப்பு வெல்வெட் துணி கொடுத்தனுப்பியிருந்தார்கள். "காலுக்குக் கீழ விரிக்கட்டாம்" என்று சொல்லியும் அனுப்பியிருந்தார்கள். கொம்பியூட்டருக்கு எது கால் என்று கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, மதர்போட்டுக்குக் கீழே விரித்தான்.

பகலெல்லாம் தூங்கி, கோயில் குளம் என்று ஒன்றுக்கும் போகாமல் கிடந்த காலத்தில் ஊர் இவ்வளவு முன்னேறிவிட்டதா என்று அவனுக்கு வியப்பாக இருந்தது.

வேலை முடிந்து சுவிட்சைப் போட்டான். தேக்கின் வரிகள் நீல வெளிச்சத்தில் நீரோட்டம் போல எழுந்தன. ஃபான்கள் மெல்ல மூச்செடுத்தன. தன் கையால்தான் செய்தான் என்பதை மறந்து வாயைத் திறந்துகொண்டு பார்த்தான்.

சனிக்கிழமை மூப்பர் வந்தார். கோயில் காரியங்களுக்கெல்லாம் அவர்தான் பொறுப்பு. பின்னால் பூமாலையோடு நாலு பேர். அதில் ஒருவர் யாகப்பர் மாமா.

"அந்தோனியாருக்குக் கூடு முடிஞ்சுதோ தம்பி?"

"ஆருக்கு?"

"அந்தோனியாருக்கு. இண்டைக்குத் திருநாள் கொடியேத்தமெல்லோ."

புனிதரின் சிலையை, சுரூபத்தை, வைக்கிற கூடு. அந்த ஊரில் கூடு என்றால் முதலில் அதுதான், பிறகுதான் கோழிக்கு. டிலோஜன் வீட்டுக்குள் ஓடினான்.

"அம்மா, இது கொம்பியூட்டர்க் கூடம்மா."

மார்த்தா கதவில்லாத அலுமாரியைப் பார்த்தாள். "வாற ஆக்களுக்கெல்லாம் கதவு அந்தோனியாரிட்டப் போட்டுது எண்டெல்லோ சொல்லிப்போட்டன்."

"திங்கக்கிழமை எனக்குப் பரீட்சை."

"அப்ப நீயே போய்ச் சொல்லு. உன்ர மாமாவும் நிக்கிறார்."

அவன் சொல்லத்தான் போனான். மாமா தோளில் துண்டோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"கொஞ்சம் பொறுங்கோ," என்றான் டிலோஜன். "சின்ன வேலை ஒண்டு கிடக்கு."

பூட்டியதையெல்லாம் கழற்ற நேரமில்லை. உள்ளே பலகையொன்றைக் குறுக்கே அடித்தான். பின்னால் கொம்பியூட்டர், முன்னால் அந்தோனியாருக்கு இடம். கொடி ஏறினதும் நாளைக்கே ஏதாவது சொல்லித் திருப்பி எடுக்கலாம் என்று கணக்குப் போட்டான்.

"பின்னுக்கு என்ன மூடியிருக்கு?" என்று மூப்பர் கேட்டார்.

"கரண்ட் வேலை ஐயா."

அது பொய்யில்லை.

கரையோரத்துச் சின்னக் கோயிலில், ஒரு முழ உயரமான அந்தோனியாரைக் கூட்டுக்குள் நிறுத்திச் சுவிட்சைப் போட்டார்கள். நீலம் பரவியது. ஃபான் காற்றில் மாலையின் இதழ்கள் அசைந்தன. கைக்குழந்தைகள்கூட அழுகையை நிறுத்திவிட்டுப் பார்த்தன.

"மூச்சு விடுறார்," என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அப்போதுதான் பாதர் ஆசீர்வதித்த தண்ணீரோடு வந்தார். கூட்டின் மேல்பக்கம் முழுக்கக் காற்றுத் துளைகள். பாதர் கையை ஓங்கியதும் டிலோஜன் பாய்ந்து குறுக்கே விழுந்தான். முதல் வீச்சு முகத்தில், இரண்டாவது நெஞ்சில். மூன்றாவதையும் விடாமல் வாங்கினான்.

"என்ன பக்தி," என்றாள் பிரான்சிஸ்கா.

பூசை முடிந்ததும் மூப்பரிடம் போனான். சட்டையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, கூட்டை நாளைக்கு எடுத்துக்கொண்டு போகட்டே? கொஞ்சம் வார்னிஷ் வேலை பாக்கி."

"கொடி ஏறிட்டுது. இனி இறங்குமட்டும் சுரூபத்தை அசைக்கேலாது."

"எப்ப இறங்கும்?"

"ஒம்பது நாள் நவநாள் முடிஞ்சு, திருநாளும் முடிய."

திங்கட்கிழமை காலை டிலோஜன் திரையையும் விசைப்பலகையையும் படுக்கைவிரிப்பில் சுற்றிக்கொண்டு புறப்பட்டான்.

"எங்க போறாய்?" என்றாள் மார்த்தா.

"கோயிலுக்கு."

மார்த்தா ஓடிப்போய்க் கதவைத் திறந்துவிட்டாள்.

வள்ளங்கள் கடலில் நிற்கிற நேரம், கோயிலில் யாரும் இருக்கமாட்டார்கள் என்பது அவன் நினைப்பு. நினைத்தது போலவே ஒருவரும் இல்லை. பீடத்து விரிப்புக்குக் கீழால் வயரை இழுத்தான். திரையைக் கோயில் வாங்குப் பலகையில் வைத்தான். விசைப்பலகைக்கு உயரம் சரியாக இருந்தது முழங்காற் பலகை ஒன்றுதான். ஆகவே முழங்காலில் நின்றுதான் தட்டவேண்டியிருந்தது. போன் டேட்டாவைத் திறந்து, கமராவைச் சரிப்படுத்தினான்.

செருப்புகள் கழற்றப்படுகிற சத்தம் கேட்டது. பிரான்சிஸ்கா வந்து பின்னால் முழங்காலில் நின்றாள். பிறகு மூப்பர். பிறகு ஒவ்வொருவராகக் கோயில் நிறைந்தது. கடலில் நிற்கவேண்டிய றொசாந்தன் நின்றான். மாமாவும் நின்றார். ஒருவரும் அவனை ஒன்றும் கேட்கவில்லை. திரையில் கம்பனிப் பெண் வந்தாள். பெயர் றுமைஸா.

"குட் மோர்னிங். உங்களுக்குப் பின்னால கனபேர் இருக்கினம் போல?"

"அது பக்ரவுண்ட் படம் மிஸ்."

மூப்பர் இருமினார்.

"படம் இருமுது," என்றாள் றுமைஸா.

"வீடியோ பக்ரவுண்ட் மிஸ்."

அவள் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு வேலைக்கு வந்தாள். கொழும்பில் ஒரு கொம்பியூட்டரை வேண்டுமென்றே கெடுத்து வைத்திருந்தார்கள். அவன் இங்கிருந்து அதை எழுப்பவேண்டும்.

டிலோஜன் தட்டத் தொடங்கினான். வேலை கூடக் கூட ஃபான் வேகமெடுத்தது. அந்தோனியாரின் மூச்சு கோயிலுக்கெல்லாம் கேட்டது. பின்னால் முணுமுணுப்பாக இருந்த செபமும் கூடவே ஏறியது. அவன் ஓரிடத்தில் பிழைவிட்டு நிறுத்தினான். ஃபான் இறங்கியது. செபமும் இறங்கியது. திரும்பவும் தட்டினான். திரும்பவும் எல்லாம் ஏறியது. கடவுள், கோயில் என்று எதையும் பெரிதாக எடுக்காதவன் ஒருமுறை திரும்பிப் பார்த்தான். இந்தச் சனம் இப்படிக் கும்பிடும் என்று அவனுக்குத் தெரியாது. இப்படிப்பட்ட சனத்தைத்தான் ஏமாற்றிக்கொண்டு நிற்கிறோம் என்ற எண்ணம் நெஞ்சில் குத்தியது. விரல்கள் மட்டும் நிற்கவில்லை.

கொழும்புக் கொம்பியூட்டர் எழும்பியது.

"நல்லாச் செய்தீங்கள்," என்றாள் றுமைஸா. "அடுத்த மாதம் முதலாந்திகதியிலயிருந்து வேலைக்கு எடுக்கிறம்."

"ஆமென்," என்றது கோயில் முழுவதும்.

றுமைஸா கமராவுக்குக் கிட்ட வந்து பார்த்தாள். பிறகு திரையிலிருந்து மறைந்தாள். யாரோ மணி அடித்தார்கள். டிலோஜன் திரும்பினான். யாகப்பர் மாமாவும் வள்ளத்து ஆட்களும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக் குலுக்கிக்கொண்டு நின்றார்கள். நவநாளில் இப்படியொரு வழக்கம் இருக்கிறதா என்று அவனுக்குத் தெரியவில்லை. இனியும் மறைக்கமுடியாது என்று மட்டும் தெரிந்தது.

"எல்லாரும் என்னை மன்னிக்கோணும்," என்றான். "அந்தோனியாரின்ர கூட்டுக்குள்ள நான் என்ர கொம்பியூட்டரை ஒளிச்சு வச்சிட்டன். அவருக்கு வேற கூடு நானே செய்து தாறன்."

றொசாந்தன் முழங்காலைத் தடவிக்கொண்டே எழும்பினான்.

"அவருக்குப் போன வருஷமே கனடாவிலயிருந்து கூடு வந்திட்டுது தம்பி. நீ வள்ளத்தில ஏறினா நாங்கள் கரைக்கு வரமாட்டம் எண்டுதான், அவரை உன்ர கொம்பியூட்டருக்குள்ள வச்சனாங்கள்."