பொறுப்பு: மனைவி

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

ஆசிகள். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருப்பீர்கள். உங்கள் அத்தை அங்கே வந்து சேர்ந்த பிறகு சாப்பாட்டுக்கும் குறை இருக்காது. இங்கே நான் இருக்கிறேன்.

விஷயம் கம்ப்யூட்டர் சம்பந்தப்பட்டது மட்டுமே. போன முறை வந்தபோது குறிப்பு எழுத அந்த எடிட்டரைப் போட்டுக் கொடுத்து, "ரெண்டு பட்டனை அமுக்கினா ஒரு கட்டம் திறக்கும் மாமா, தோணுறதை எழுதுங்க, தேதி தானா விழும். என்ன தலைப்பு வேணுமோ நீங்களே மாத்திக்கலாம்" என்றீர்கள். அந்த "மாத்திக்கலாம்"தான் குடியைக் கெடுத்தது. காலமெல்லாம் தொழிற்சாலையில் மெஷின் பழுது அறிக்கை எழுதியவன் நான். எனக்குத் தெரிந்த தலைப்புகள் பழுது, காரணம், பொறுப்பு, நடவடிக்கை. ஒவ்வொரு குறிப்புக்கும் தானாக வரும் அந்த டெம்ப்ளேட்டில் அவற்றையே போட்டேன். பொறுப்பு என்ற இடம் காலியாக இருந்தால் எங்கள் மேனேஜர் தாளை முகத்தில் எறிவார். அந்தப் பழைய பயத்தில், அங்கே எப்போதும் ஒரு ஆள் தானாக விழும்படி செய்துவைத்தேன். வீட்டில் இருப்பது இரண்டு பேர். எழுதுகிறவன் நான். மீதி யார்?

அன்றிலிருந்து பால் பொங்கி வழிந்தால் பொறுப்பு மனைவி, மூக்குக் கண்ணாடி காணாமல் போனால் பொறுப்பு மனைவி, அது என் தலையிலேயே இருந்தபோதும் பொறுப்பு மனைவி. மழையில் துணி நனைந்ததற்கும் அவள்தான். நான் வேணும்னு எழுதலை மாப்பிள்ளை, அதுவா விழுது, நான் என்ன பண்ண? கரண்ட் பில்லைப் பிரிண்ட் எடுக்க உட்கார்ந்தவள் அத்தனையும் படித்துவிட்டாள். கத்தியிருந்தால் சமாளித்திருப்பேன். "மழைக்கும் நான்தானா?" என்று மட்டும் கேட்டாள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "அது டெம்ப்ளேட்டும்மா, உன்னைக் குத்திக் காட்டலை, பொதுவா வர்றது" என்றேன். "எனக்கும் பொதுவாத்தான் கோவம் வருது" என்று பையை எடுத்தாள்.

அவள் போனதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை. நேற்று வாணலியைக் கருக்கினேன். எழுதினால், பொறுப்பு மனைவி. உங்கள் வீட்டில் உட்கார்ந்துகொண்டு அவள் என் வாணலியை எப்படிக் கருக்குவாள்? மனசு கேட்காமல் அந்த வரியை அழிக்கப் போய், ஏதோ ஒரு அடைப்புக்குறியை அழித்துத் தொலைத்தேன். இப்போது தலைப்பெல்லாம் போய்விட்டது; எதை எழுதினாலும் அடியில் அந்த ஒரு வரி மட்டும் வருகிறது. சோப்பு வாங்க வேண்டும் என்று எழுதினாலும் வருகிறது. மெஷின் ஓடாத நாளில் தொழிற்சாலை இருப்பதுபோல் வீடு இருக்கிறது. எனக்குப் பிடிக்கவில்லை. போனில் கேட்கலாமென்றால் ஒவ்வொரு தடவையும் அவள்தான் எடுக்கிறாள், நான் வைத்துவிடுகிறேன்.

ஆகவே அந்த வரியை எடுப்பது எப்படி என்று எழுதி அனுப்பவும். வேறு ஒன்றும் வேண்டாம். மகளுக்கு ஆசிகள். அத்தையை நான் விசாரித்ததாகச் சொல்ல வேண்டியதில்லை.

இப்படிக்கு,
உங்கள் மாமனார்

பொறுப்பு: மனைவி

பி.கு.: பிரிண்ட் எடுத்த பிறகுதான் பார்த்தேன், இந்தக் கடிதத்தின் அடியிலும் அது வந்து உட்கார்ந்திருக்கிறது. பேனாவால் அடித்துவிட்டுப் பக்கத்தில் "நான்" என்று எழுதியிருக்கிறேன். கம்ப்யூட்டர் கிடக்கட்டும், நீங்கள் ஒன்றும் எழுதி அனுப்ப வேண்டாம். இந்தத் தாளை அவளிடம் கொடுங்கள். அடுத்த தடவை அவள் போனை எடுத்தால் நான் வைக்க மாட்டேன் என்று சொல்லுங்கள்.