மடுவத்து வாசலில் ஒரு கறுப்புக் கார்

கார் ஓட்டுவதில் ஒருவனுடைய குணம் தெரியாது. அதை அவன் எங்கே நிறுத்துகிறான் என்பதில்தான் தெரியும். என் குணம் றொசல்லைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஊரறியத் தெரிந்துபோயிற்று.

அப்போது கினிகத்தேனையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் துணிக்கடையில் எனக்கு வேலை. கார் ஓட்டப் பழக்கியவரும் அவர்தான்; அன்று தம் கறுப்புக் காரைத் தந்தவரும் அவர்தான். (முன்னால் போகப் பழக்கியிருந்தார். பின்னால் எடுப்பது அடுத்த பாடம்.) நண்பன் மருதையைப் பார்க்கக் கிளம்பினேன். பச்சை மலைகள் ஒதுங்கி வழிவிட்டன. பனிமூட்டம்கூட ஓரமாய் நின்று என்னைப் பார்த்தது. அன்றைய என் நினைப்பு அப்படி.

மருதை குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு ஏறுவது ஒற்றையடிப் பாதை. கீழே, கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்தின் வாசலில் நல்ல நிழல், ஆளரவமே இல்லை. அங்கே நிறுத்திவிட்டு மேலே நடந்தேன்.

மருதை வீட்டில் ரொட்டியும் சம்பலும். இரண்டாவது ரொட்டியைப் பிய்க்கும்போது அவன் மனைவி செல்லம்மா மூச்சிரைக்க ஓடிவந்தாள்.

"அண்ணே, சத்தம் போடாதீங்க! ஏதோ புதுத் தொரை வந்திருக்காரு. மடுவத்து வாசல்ல கார் நிக்குது!"

வெளியாள் அனுமதியில்லாமல் லயத்துக்குள் இருப்பதைத் தோட்ட நிர்வாகியான துரை கண்டால் மருதைக்குத்தான் வம்பு. ரொட்டியும் கையுமாக அடுப்படி விறகுக் குவியலுக்குப் பின்னால் புகுந்தேன். (கார் என்றாலே ஓரம் ஒதுங்கி வளர்ந்த உடம்பு. அது நான் கொண்டுவந்த காராக இருக்கும் என்று ஒரு கணமும் தோன்றவில்லை.)

"கொழுந்து நிறுத்தாச்சா?" என்றான் மருதை.

"எங்க நிறுக்கிறது? ஞாயித்துக்கெழமையும் மலைக்குப் போயி எடுத்த கொழுந்து, சாக்குலயே வேகுது. லொறி உள்ள வர வழியில்ல. இன்னும் கொஞ்சம் போனா செவந்துரும், கணக்கப்பிள்ளை வேணாம்னுருவாரு."

"கார எடுக்கச் சொல்ல வேண்டியதுதானே?"

"யாரு சொல்றது? கங்காணி தலப்பாவ கக்கத்துல வச்சிக்கிட்டு காருக்கு சலாம் போட்டு நிக்கிறாரு!"

விறகுக்குப் பின்னால் எனக்கு ரத்தம் கொதித்தது. "என்னா மனுசன் அவன்! ஒரு எடத்துக்குப் போனா வண்டிய எங்க நிப்பாட்டணும்னு தெரியாதா?"

"நல்லா கேளுங்கண்ணே! பின் சீட்டுல ஒரு பலாப்பழத்த வேற ஒக்கார வச்சிருக்கான்."

கையிலிருந்த ரொட்டியை விறகின் மேல் வைத்தேன். அந்தப் பலாப்பழம் மருதைக்காக நான் வாங்கியது.

சாம்பல் தலையோடு கீழே ஓடினேன். கூடைகளோடு பெண்கள் மழை ஓய்ந்த மரங்களைப் போல அசையாமல் நின்றிருந்தார்கள். கார்க் கதவைத் திறந்ததும் கங்காணி பதறி, "சலாம் தொரை!" என்றார். பிறகு முகத்தைப் பார்த்தார். "அட, நீ யாருடா? எடுடா பின்னால!"

"பின்னால எடுக்கத் தெரியாதுங்க."

ஒரு பெண் சிரித்தாள். அது பற்றிக்கொண்டு மலையே சிரித்தது. கூடைகளை இறக்கிவைத்துவிட்டு அத்தனை பேரும் சேர்ந்து காரைத் தள்ளினார்கள். உள்ளே பலாப்பழமும் நானும்.

லொறி வந்தது. கணக்கப்பிள்ளை செல்லம்மாவின் சாக்குக்குள் முழங்கைவரை கையை விட்டார். யாரும் சிரிக்கவில்லை இப்போது.

"சுடுது," என்றார். இன்னும் ஆழத் துழாவினார். "பரவால்ல. தராசுல போடு."

எனக்கு அப்புறம்தான் மூச்சு வந்தது.

அதன் பிறகு எங்கே போனாலும் பஸ்தான். இன்றும் நான் அந்த வீட்டு வாசலில் கால் வைத்தால், தண்ணீர்ச் செம்பை நீட்டுமுன் செல்லம்மா கேட்பாள்:

"வாங்கண்ணே. பஸ்ஸ எங்க நிப்பாட்டிட்டு வந்தீங்க?"