நிமிஷத்துக்கு அஞ்சு கிராம்

காலை நடையை அல்ஜீப்ராவால் ஒழித்துக்கட்டுவது என்று கணக்கு வாத்தியார் தீர்மானித்துவிட்டார். பாவம், மனுஷன் வேறென்ன செய்வார்? சர்க்கரை ஏறியிருக்கிறது, எடையைக் குறையுங்கள் என்று டாக்டர் சொன்னாலும் சொன்னார், வீட்டுக்காரி ஒற்றைக்காலில் நிற்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கூடவே வந்து அரை மணி நேரம் நடக்க வைத்தாள். அப்புறம் தையல் வேலை குவிந்துவிட்டதால் தனியே அனுப்பினாள். ஆனால் போகும்போது ஒரு எடை, வந்ததும் ஒரு எடை. அதில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை.

வியாழக்கிழமை வாத்தியார் தையல் மிஷின் முன்னால் போய் ஒரு தாளை நீட்டினார்.

"இதைப் பாரு. ஞாயிறு முப்பது நிமிஷம், நூத்தம்பது கிராம் குறைஞ்சுது. திங்கள் நாப்பது நிமிஷம், செவ்வாய் அம்பது, புதன் அறுபது. மூணு நாளும் நாளுக்கு வெறும் அம்பது கிராம்தான் குறைஞ்சுது."

"அதனால?"

"குறைஞ்ச எடையை நிமிஷத்தால வகுத்தா எல்லா நாளும் ஒரே எண் வரணும். அப்பத்தான் அது நேர் மாறல். இங்கே நாளுக்கொரு எண் வருது. நடைக்கும் எடைக்கும் சம்பந்தமே இல்லை. இனிமே நடக்கறது வீண் வேலை."

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். நாள் பூராவும் துணிக்கணக்குப் போடுகிறவள்.

"ஞாயித்துக்கிழமை நானும் கூட வந்தேன். அதை மட்டும் நம்பறேன். நிமிஷத்துக்கு அஞ்சு கிராம். சரிதானே?"

"சரிதான்." வாத்தியார் புத்தி முந்திக்கொண்டது.

"அப்போ அம்பது கிராம்னா பத்து நிமிஷம். போக அஞ்சு, வர அஞ்சு. அஞ்சு நிமிஷ தூரத்துல என்னங்க இருக்கு?"

சலூன் இருக்கிறது. சலூன்காரரும் அவருடைய செஸ் பலகையும் இருக்கிறார்கள். மூன்று நாளும் வாத்தியார் அங்கேதான் டேரா போட்டிருந்தார். முகத்தில் அசடு வழிந்தது.

"உங்களை விரட்டணும்னு எனக்கென்ன ஆசையா?" அவள் குரல் இறங்கியது. "உங்களுக்கு ஒண்ணுன்னா நான் யார்கிட்டப் போய் நிப்பேன்?"

வாத்தியாருக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் அவளோடு அறுபது நிமிஷம் ஒழுங்காக நடந்தார். சலூன்காரர் கையசைத்தும் திரும்பிப் பார்க்கவில்லை. எடை மெஷின் முந்நூறு கிராம் குறைத்துக் காட்டியது. அவருக்குத் தலைகால் புரியவில்லை.

"பாத்தியா, முந்நூறை அறுபதால வகுத்தா அதே அஞ்சு. சந்தேகமே வேண்டாம். நேர் மாறல்தான். நேரத்தை ரெண்டு மடங்காக்கினா எடையும் ரெண்டு மடங்கு குறையும்."

"நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்," என்றாள் அவள். "நாளையிலேருந்து ரெண்டு மணி நேரம்."