செருப்பு எண்ணிய நாடு

தாழைநாட்டில் மனிதத் தலையை எண்ணக் கூடாது. எண்ணினால் ஆயுள் குறையும் என்பது அந்நாட்டாரின் நம்பிக்கை. ஆகவே கல்யாணப் பந்தியானாலும் அரசவையானாலும் வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணி, வந்தவர் இத்தனை பேர் என்று சொல்லிவிடுவார்கள். அதில் பிழை நேர்ந்ததாக வரலாறு இல்லை. வரலாற்றை எழுதியவர்களும் செருப்பைத்தான் எண்ணினார்கள்.

அந்நாட்டின் உப்பளக் கரையில் ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அதன் ஆசிரியை செண்பகவடிவு அதிகம் பேசாதவள். ஒரு பிள்ளை வரவில்லையென்றால் அந்த வீட்டு வாசலில் போய் நிற்பாள். கேட்க மாட்டாள், திட்ட மாட்டாள். நிற்பாள், அவ்வளவுதான். உள்ளே உலை கொதிக்கும். யாராவது இருமுவார்கள், எட்டிப் பார்ப்பார்கள். கடைசியில் பிள்ளை சிலேட்டை எடுத்துக்கொண்டு வெளியே வரும். பதினோரு வருடங்களாக அந்தக் கரையில் படிப்பு நடந்தது இப்படித்தான்.

பிள்ளைகள் மட்டம் போடும் செய்தி ஒருநாள் கல்வி அமைச்சர் பராக்கிரமபூபதியின் காதுக்கு எட்டியது. ஏன் போடுகிறார்கள் என்று விசாரித்தால் காலதாமதமாகும் என்பதால் நேராக ஆணை பிறப்பித்தார். தினமும் பள்ளி வாசல் செருப்புகளை எண்ணித் தலைநகருக்கு அனுப்ப வேண்டும். செருப்பு தவறாத பிள்ளைகளுக்கு அரண்மனை லட்டு.

அந்த வாரமே வருகை உயர்ந்தது. உப்பள முதலாளி வீட்டுப் பையன்களின் செருப்புகள் வண்டியில் வந்து இறங்கின. பையன்கள் வீட்டில் தூங்கினார்கள். வேறு சிலர் செருப்பை வாசலில் விட்டுவிட்டு ஓடைக்கு மீன் பிடிக்கப் போனார்கள். செண்பகவடிவு பாதி காலியான பாய்களுக்குப் பாடம் நடத்தினாள்.

"நம் குழந்தைகளின் கல்வித் தாகம் கண்டு என் கண்கள் பனிக்கின்றன" என்று அமைச்சர் அறிக்கை விட்டார். தாகம் மேலும் பெருக இரண்டாவது ஆணையும் வந்தது. நாற்பது நாள் செருப்பு காணப்படாத பிள்ளையின் பெயர் ஏட்டிலிருந்து அடிக்கப்படும். அந்த வீட்டுக்கு அரசு அரிசி நிற்கும்.

வெள்ளச்சிக்கு ஒன்பது வயது. செருப்பு கிடையாது. ஒருநாளும் தவறாமல் வந்து முதல் வரிசையில் உட்காரும் அவள், ஏட்டின்படி முப்பத்தெட்டு நாட்களாகப் பள்ளிப் பக்கமே வரவில்லை. முப்பத்தொன்பதாம் நாள் உண்மையாகவே வரவில்லை.

அன்று மாலை செண்பகவடிவு அவள் வீட்டு வாசலில் போய் நின்றாள். வெள்ளச்சியின் அம்மா மாடத்தி, காலில் அப்பிய உப்பைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நிக்காதீங்க வாத்தியாரம்மா. நீங்க இப்படி நின்னா எனக்குக் கை வேலை ஓடல."

செண்பகவடிவு நின்றாள்.

"நான் என்ன, படிக்க வேணாம்னா சொல்றேன்? ரெண்டு வாரம் எங்கூட உப்பு வாரினான்னா ஒரு செருப்பு வாங்கிரலாம். அப்புறம் செருப்பு பள்ளிக்கூடம் போகட்டும், இவ உப்பளத்துக்கு வரட்டும். அரிசியும் நிக்காது."

செண்பகவடிவுக்கு அந்தக் கணக்கில் ஒரு தவறும் தென்படவில்லை. அதுதான் அவளை உலுக்கியது.

"நாளையோட நாப்பது நாளு. அதுக்குள்ள பேரு போயிரும்" என்றாள்.

"அப்ப உங்க செருப்பக் கழட்டி வெச்சு இவ பேரச் சொல்லிருங்க. யாரு பாக்கப் போறா?"

"வந்தது என் செருப்புன்னு ஆயிரும் மாடத்தி. இவ வந்ததாகாது."

"தினமும் வந்தாளே!"

"அதைச் சொல்லணும்ல? நாளைக்கு ஒருநாள் அனுப்பு."

பிறகு அவள் வீடு வீடாக நடந்தாள். எல்லா வாசலிலும் ஒரே வாக்கியம்: "நாளைக்கு யாரும் செருப்புப் போடாம வாங்க." பிள்ளைகளுக்குக் கொண்டாட்டமாக இருந்தது. செருப்பை மட்டும் அனுப்பிப் பழகியவர்களுக்கு இப்போது அனுப்ப ஒன்றும் இல்லாததால், தாங்களே போக வேண்டியதாயிற்று.

மறுநாள் பள்ளியில் பாய் போதவில்லை.

பெயர் அடிப்பு விழாவுக்கு அமைச்சரே வந்திருந்தார். வாசலில் சரிகைச் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நுழைந்தார். எண்ணும் அதிகாரி நல்லபெருமாள் வெளியிலேயே நின்று எண்ணினார். சீக்கிரமே முடிந்துவிட்டது.

"ஐயா, இன்றைய வருகை ஒன்று."

"ஒன்றா? நாற்பது நாள் காத்திருப்பானேன், மற்ற பெயர்களையும் இன்றே அடித்துவிடும். வந்திருக்கும் அந்த உத்தமக் குழந்தை யார்?"

"தாங்கள்தான் ஐயா."

பிள்ளைகள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"என்ன உளறுகிறீர்?"

"வாசலில் எவர் செருப்போ அவரே மாணவர். தங்கள் ஆணைதான். மாலை மணி அடிக்கும் முன் மாணவர் வெளியேறக் கூடாது என்றும் இருக்கிறது."

வெள்ளச்சி நகர்ந்து இடம் விட்டாள். "இங்க உக்காருங்க ஐயா."

"நான் அமைச்சர், பெண்ணே!"

"பரவால்ல. வாத்தியாரம்மா அடிக்க மாட்டாங்க."

அமைச்சர் நெற்றியைத் துடைத்தார். "அப்படியானால் இதோ உட்கார்ந்திருக்கிறார்களே, இவர்கள்?"

"சட்டப்படி இங்கே இல்லை ஐயா."

அமைச்சர் ஆசிரியையைப் பார்த்தார், அவளாவது ஏதாவது சொல்வாள் என்று. செண்பகவடிவுக்கு அரிசிதான் நினைவுக்கு வந்தது. பெயர்கள் அத்தனையும் போய்விட்டால், இத்தனை வீட்டு அரிசிக்கும் அவள்தானே பதில் சொல்ல வேண்டும்? ஆனாலும் பார்வையை விலக்காமல் நின்றாள். வெளியே உப்புக் காற்று ஓலைக் கூரையை உரசிக்கொண்டு போனது. வகுப்பில் ஒரு பிள்ளை தும்மியது. இல்லாத பிள்ளைகள் தும்முவதில்லை என்பது அமைச்சருக்கே தெரிந்திருந்தது.

"எண்ணும்" என்றார், தரையைப் பார்த்தபடி.

"தலையையா ஐயா?"

"தலையைத்தான்!"

நல்லபெருமாள் கண்ணை மூடிக்கொண்டு விரலை நீட்டினார். அது வெள்ளச்சியின் உச்சியில் பட்டது. "ஒன்று." அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை, கூசியதில் சிரித்தாள். ஏட்டில் அவள் பெயருக்கு நேரே, முதன்முறையாக, வந்தாள் என்று பதிவானது.

தலைநகர் திரும்பிய நல்லபெருமாளுக்குப் புதுப்பழக்கம் விடவில்லை. மறுவாரம் அரசவை வாசலில் நாற்பது ஜோடிச் செருப்புகள் வழக்கம்போல் வரிசையாக இருந்தன. அவர் செருப்போடு நிறுத்தாமல் கதவைத் திறந்து, உள்ளே இருந்த காலி ஆசனங்களையும் பார்த்துவிட்டார்.

பத்தாம் நாள் மூன்றாவது ஆணை வந்தது. செண்பகவடிவு அதை வகுப்பில் உரக்கப் படித்தாள். இனிப் பள்ளிகளில் தலை எண்ணப்படும். அரசவையின் மாண்பு கருதி, அங்கே மட்டும் பழைய முறையே தொடரும்.

வெள்ளச்சி கையைத் தூக்கினாள்.

"வாத்தியாரம்மா, அவங்களுக்கு அரிசி நிக்காதா?"